காலுக்கு ஒரு பூட்டு

அத்தியாயம் பதினான்கு

வேலையை விட்டு நிறுத்தி வைக்கப்பட்ட மனிதர் காலையில் எழுந்து காக்கிச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கருப்பண்ணன் போட்டுக்கொண்டார். கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டினார்.

"கோயிலுக்குத்தானேப்பா போறோம். வேட்டி கட்டிக்கிட்டா என்ன?" என்றான் மகன் அரியமுத்து.

"சாமி கும்பிடப் போகல. விசாரணைக்குப் போறேன். டிரைவராத்தான் போவேன்."

அந்த வீட்டில் ஒரு வாரமாக எல்லோருக்குமே பேசிப் பேசி அலுத்துப் போயிருந்தது.

சங்கதி இதுதான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே தனியார் பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடியதில், சித்திரை மாதம் ஓர் இளைஞனின் கால் போயிற்று. மோதியது வேறு கம்பெனியின் வண்டி. ஆனாலும் முத்தாயி டிரான்ஸ்போர்ட் முதலாளி குழந்தைவேல் பயந்துவிட்டார். ஆடியில் தம் பஸ்கள் அனைத்திலும் கவர்னர் வைத்தார். அது எஞ்சினை ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி. டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் வைத்த வேகத்துக்கு மேல் வண்டி ஓடாது. பெட்டியை யாரும் தொடாதபடி முறுக்குக் கம்பி கட்டி ஈயத்தில் சீல் அடித்தார்கள். சீல் அடித்தவன் கம்பெனி மெக்கானிக்கான அரியமுத்து. காலை இழந்தவன் அரியமுத்துவின் மனைவி கொளஞ்சியின் தம்பி.

போன வாரம் ஷெட்டில் சோதனை போட்டார்கள். மற்ற வண்டிகளில் சீல் இருந்தது. கருப்பண்ணன் ஓட்டிய வண்டியில் இல்லை. கம்பியும் இல்லை, ஈயமும் இல்லை. அன்றைக்கே அவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

முதலாளி போலீசுக்குப் போகவில்லை. ஆள் அனுப்பிச் சொன்னார்: "சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்கு வரச் சொல்லு. பெருமாள் முன்னால கற்பூரத்தைக் கையால அணைச்சு, நான் தொடலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே வண்டியை எடுத்துக்கட்டும்."

இன்றைக்குச் சனிக்கிழமை.

கருப்பண்ணனுடைய தகப்பனார் சாகும்வரை அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். நிலக்காரர் மாட்டு வண்டியில் போனால் இவர் பின்னால் நடந்து போவார். அந்த மனிதர் பெற்ற பிள்ளைக்குப் பின்னால்தான் இன்றைக்கு நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கருப்பண்ணன் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததினால் அது சின்ன விஷயமாகிவிடாது.

மனைவி ரெங்கம்மாள் பழைய சோற்றைக் கரைத்து வைத்தாள். அவர் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்புடுங்க. வெறும் வயித்தோட சத்தியம் பண்ணுவீங்களா?"

"சத்தியம் பண்றது எனக்குக் கஷ்டமில்ல. தொடலைங்கிறது நெசம். சொல்லிட்டு வந்துடுவேன்." அவர் மகனைப் பார்த்தார். "அப்புறம் அவரு உன்னைத்தான் கூப்பிடுவாரு. அதை நெனச்சுத்தான் பேசாம இருக்கேன்."

"என்னை எதுக்கு?"

"எதுக்கா? எனக்காகத்தானேடா கழட்டுனே?"

அரியமுத்து வாயில் வைத்த பச்சை மிளகாயைக் கீழே வைத்தான். "நானா? நானா கழட்டுனேன்? நீங்கதான் கழட்டிட்டு வீம்புக்கு இல்லைன்னு நிக்கிறீங்கன்னு நான் ஒரு வாரமா வாயைத் தைச்சுக்கிட்டு இருக்கேன்!"

"நான் பொய் சொல்லுவேனா?"

"அப்ப நான் கழட்டுவேனா? வச்சதே நான். அந்தப் பெட்டி வேணும்னு முதலாளிகிட்ட சண்டை போட்டதும் நான்."

அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனைக் காப்பாற்ற ஒருவன் என்று ஒரு வாரம் வீணாகப் போயிருந்தது.

அடுப்படியில் இருந்த கொளஞ்சி வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் இல்லைன்னா நல்லதுதானே. மறுபடியும் சீலை வச்சுட்டாங்கல்ல, விடுங்க. மாமா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தப் பெட்டி முன்னாடியே இருந்திருந்தா என் தம்பி இன்னிக்கு ரெண்டு காலால நடப்பான்."

"அந்த வண்டியை நானாம்மா ஓட்டுனேன்?"

"நீங்க ஓட்டல. ஓட்டுனவனும் உங்களை மாதிரி நல்லவன்தான். எங்கப்பாவுக்கு மாமன் மகன் முறை. அடிச்சுட்டு அழுதான். அழுது என்ன பண்றது?"

"பேப்பர்ல போட்டிருந்தான்ப்பா" என்றான் அரியமுத்து. "ஜப்பான்ல ஒரு ஊர்ல டிரைவரே இல்லாம ரயில் ஓடுதாம். எல்லாம் மிஷினு. நிக்க வேண்டிய எடத்துல நிக்குதாம், கதவைத் தொறக்குதாம், போகுதாம். குடிக்காது, தூங்காது, எவனும் முந்திட்டான்னு ரோசப்படாது."

"ரோசப்படாததை எல்லாம் நீ பெரிய மனுசன்னு சொல்றே."

"ரோசப்பட்டுத்தான் இங்க காலு போச்சு."

ரெங்கம்மாள் அப்போது ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆபீஸ் பேச்சில் தலையிடும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"சீலு சீலுங்கிறீங்களே, அது எப்படித்தான் இருக்கும்?"

"சுண்டைக்காய் மாதிரி ஒரு ஈயக்கட்டிம்மா. முறுக்குக் கம்பியில தொங்கும். மேல எழுத்துப் பொறிச்சிருக்கும்."

ரெங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எஞ்சினுக்குப் பக்கத்துலயா? கறுப்பா?"

"ஆமா. கிரீஸ் படிஞ்சு கறுப்பாத்தான் இருக்கும். ஏம்மா?"

"அதைச் செய்வினைன்னுல்ல நெனச்சேன்" என்றாள் ரெங்கம்மாள்.

யாருக்கும் புரியவில்லை. அவளே சொன்னாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டிரைவர் வீட்டுப் பெண்கள் ஷெட்டுக்குப் போய் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். இந்த வருஷமும் போனாள். எஞ்சின் மூடியைத் திறந்து சந்தனம் வைக்கும்போது அது கண்ணில் பட்டது. ஈயத்தில் எழுதிக் கம்பியில் முறுக்கிக் கட்டியிருந்தது.

"செய்வினைத் தகடு ஈயத்துலதானே எழுதுவாங்க? ஆடி மாசத்துலேருந்து உங்க மூஞ்சி செத்துப் போச்சு. வண்டியும் முன்ன மாதிரி ஓடலைன்னு நீங்களே சொன்னீங்க. எவனோ பொறாமைக்காரன் வண்டியைக் கட்டிப் போட்டுட்டான்னு நெனச்சேன். டூல்ஸ் பெட்டியில குறடு இருந்துச்சு. வெட்டி எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு மருதையாத்துல விட்டுட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அத்தை?" என்றாள் கொளஞ்சி.

"எடுத்ததை வெளிய சொன்னா திரும்ப வந்து ஒட்டிக்கும்பாங்களே. அதான் சொல்லல." அவள் புருஷனைப் பார்த்தாள். "அன்னிக்கு ராத்திரியே நீங்க ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. பலிச்சுடுச்சுன்னு நெனச்சேன்."

கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அரியமுத்துவும் குனிந்துகொண்டான். கருப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் வந்து முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றாள் ரெங்கம்மாள்.

"சொல்ல மாட்டே."

"பின்ன?"

"டிரைவர் பொண்டாட்டி பஸ்ஸுக்குச் சூனியம் எடுத்தாளாம்னு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுலேருந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பானுங்க. நம்ம வூட்டுப் பொம்பளையை வச்சு எவனும் சிரிக்கக் கூடாது. இந்தப் பேச்சு இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் புறப்படும் நேரத்தில் ரெங்கம்மாளும் புடைவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பெருமாள் கோயிலுக்கு வராதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

*

அவர் ஓட்டிய வண்டியிலேயே அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கண்டக்டர் தங்கராசு காசு வேண்டாம் என்றான். கருப்பண்ணன் கையை மடக்காமல் நீட்டிக்கொண்டே நின்றார். அவன் வாங்கிக்கொண்டான்.

"முன்னாடி வந்து உக்காருங்கண்ணே. புதுப் பையன் கியர் போடுறதைப் பாருங்க. அம்மியில மொளகா அரைக்கிற மாதிரி இருக்கு."

"நான் இங்கயே இருக்கேன்."

ரெங்கம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அப்பனும் மகனும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்து கரிசல் காடு கறுத்துக் கிடந்தது. பருத்தியில் தண்ணீர் நின்றது. வண்டி ஊர்ந்தது. கவர்னரை மறுபடியும் சீல் வைத்துவிட்டார்கள்.

பேரளியை நெருங்கும்போது போட்டிக் கம்பெனியின் பச்சை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை ஆட்டி டாட்டா காட்டினான்.

"என்னப்பா தங்கராசு, இறங்கித் தள்ளட்டுமா?" என்றது ஒரு குரல்.

"தள்ளுங்க. உங்களுக்கு அரை டிக்கெட் போடறேன்."

முன் சீட்டில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் இருந்தார். துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவர். அரியலூரில் ரயில் பிடிக்கப் போகிறவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்படிப் போனா ரயிலு எனக்கு எங்க கெடைக்கப் போகுது?"

"கெடைக்கலைன்னா அடுத்ததுல போகலாம் பாய். காலு போனா அடுத்தது இல்ல" என்றான் அரியமுத்து.

பாய் திரும்பிப் பார்த்தார். "தம்பி சொல்றதும் வாஸ்தவம்தான். என் மச்சான் கூட எழுதியிருந்தான். வெளிநாட்டுல ஆளே இல்லாம வண்டி ஓடுதாமே."

"ஜப்பான்ல, ரயில். ஓடுது பாய்."

"ஏறுவியா நீ?"

"ஏறுவேன்."

"நான் கலிமா சொல்லிட்டுத்தான் ஏறுவேன்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "முன்னாடி ஒருத்தன் உக்கார்ந்திருந்தா, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு, அவனும் சாகப் பயப்படுவான்னு ஒரு தைரியம் தம்பி. மிஷினுக்கு என்ன பயம்?"

"பயப்படுறவன்தானே பாய் முந்துறான்? பின்னாடி போனா கலெக்சன் போயிடுமோங்கிற பயம். நாலு பேரு சிரிப்பானோங்கிற பயம்."

பாய் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

கருப்பண்ணன் காதில் எல்லாம் விழுந்தது. அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். தம்முடைய வலது கால் எதிர் சீட்டின் கம்பியை அழுத்திக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உணர்ந்தார். காலை இழுத்துக்கொண்டார்.

மகனுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். அது நேற்றுவரை பெரிதாகத் தோன்றவில்லை. இன்றைக்கு வீட்டில் உண்மை வெளிப்பட்ட பிறகு அது வேறு விதமாகத் தெரிந்தது.

ஆயுத பூஜை முடிந்து வண்டியை எடுத்தபோது, இந்தப் பேரளிப் பக்கத்தில்தான் அவர் மிதித்தார். வழக்கமாக ஒரு வேகத்துக்கு மேல் ஏறாமல் முக்கும் வண்டி அன்றைக்கு முக்கவில்லை. போயிற்று. மேலும் மிதித்தார். மேலும் போயிற்று. பச்சை பஸ் முன்னால் இருந்தது, பின்னால் போனது. பயணிகள் கைதட்டினார்கள். எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. மகனிடம் கேட்க ஒரு வார்த்தை போதும். இரண்டையும் அவர் செய்யவில்லை. அப்பன் முகம் வாடுவதைச் சகிக்காமல் மகன்தான் கழற்றி விட்டிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டார். எண்ணிச் சந்தோஷப்பட்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. பின்னால் பச்சை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிரேக்கில் போக வேண்டிய கால் போகவில்லை. மூன்று வண்டிக்கு இடமில்லாத ரோட்டில் புகுந்து வெளியே வந்தார். மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தார். வண்டிக்காரன் எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்றதே போதுமென்று அவர் போய்விட்டார்.

நிறுத்தியிருக்க வேண்டும். அவரைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது.

"என்னப்பா யோசனை?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்ல."

அரியலூரில் பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரயில் இன்னும் வரவில்லை என்று கைகாட்டி சொன்னது. இவர்கள் டவுன் பஸ் பிடித்துக் கல்லங்குறிச்சிக்குப் போனார்கள். தங்கராசுவும் கூட வந்தான். சாட்சிக்கு அவனையும் முதலாளி வரச் சொல்லியிருந்தாராம்.

*

சனிக்கிழமையாதலால் கோயிலில் கூட்டம் இருந்தது. நேர்ந்துவிட்ட கன்றுக்குட்டிகளும் தானிய மூட்டைகளுமாக ஜனங்கள் நின்றார்கள். முதலாளி குழந்தைவேல் அம்பாசிடர் காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கருப்பண்ணனைவிடப் பத்து வயது சின்னவர். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை.

"வா கருப்பண்ணா. தப்பா எடுத்துக்காதே. உன்னைச் சந்தேகப்பட்டா வரச் சொன்னேன்? மத்த டிரைவருங்க வாயை அடைக்கணும்ல. அவனைக் கேட்கலை, எங்களை மட்டும் கேட்கறீங்கம்பானுங்க."

"சரிங்க முதலாளி."

"ஒரே வார்த்தை. சொல்லிட்டு நாளைக்கு வண்டியை எடு."

மூலவராக நிற்கும் கம்பத்துக்கு எதிரே, கூட்டத்துக்குச் சற்று ஒதுங்கின இடத்தில், தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். தங்கராசு கை கட்டி நின்றான். ரெங்கம்மாள் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லப்போவது பொய்யல்ல என்பதில் அவளுக்கு நிம்மதி இருந்தது. ஆயுசுக்கும் ஒருவரையும் ஏமாற்றாத மனிதர். கை சுடப்போவதில்லை.

கருப்பண்ணன் கையை நீட்டினார். சுடருக்கு மேலே கை நின்றது.

"சொல்லு" என்றார் முதலாளி.

"நான் அதைத் தொடலைங்க."

"அவ்வளவுதான். அணைச்சுடு."

கை இறங்கவில்லை. கருப்பண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

"அணைக்க மாட்டேங்க."

"என்னய்யா இது? தொடலைன்னா அணைக்கிறதுக்கு என்ன?"

"தொடலைங்க. ஆனா தெரியும்."

"என்ன தெரியும்?"

"பூட்டு கழண்டு போச்சுன்னு தெரியும். காலை வச்சதுமே தெரிஞ்சு போச்சு. மூடியைத் தொறந்து பார்க்கல. உங்ககிட்டயும் சொல்லல. ஓட்டுனேன். ஒரு மாட்டு வண்டிக்காரனைப் பள்ளத்துல இறக்கிட்டு நிக்காமப் போனேன். தொடலைன்னு மட்டும் சொல்லிக் கற்பூரத்தை அணைச்சா, பெருமாளுக்குப் பாதிக் கணக்கைத்தான் சொன்னதா ஆகும்."

முதலாளிக்குக் கோபம் வந்தது.

"உன் ஒருத்தன் காலை நம்பலாம்னு நெனச்சேன். சொந்தத்துல ஒரு பையன் காலை இழந்திருக்கான், நீயே இப்படி ஓட்டியிருக்கே. மனுசன் காலை நம்பித்தானேய்யா இத்தனை நாளும் ஓட்டினோம்? அது பொய் சொல்லுது. உன் மகன் சொல்றானே ஜப்பானு, அதான் சரி. ஆளே வேண்டாம்."

"சரியா இருக்கலாங்க" என்றார் கருப்பண்ணன். அவருக்கு வாதாடத் தெம்பில்லை. "நான் செஞ்சதை அந்த மிஷினு செஞ்சிருக்காது. ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கு அது ஒருத்தன் மேல ஏறிடுச்சுன்னா, எதைங்க இங்க கூட்டியாந்து நிறுத்துவீங்க?"

"உன்னைக் கூட்டியாந்து நிறுத்தி நான் என்னத்தைக் கண்டேன்? கழட்டினது யாருன்னு சொல்லு. அதையாவது சொல்லு."

கருப்பண்ணன் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி அரியமுத்துவைப் பார்த்தார். "ஓகோ. அப்ப இவன்தான். சீலு அடிக்கிற குறடும் இவன்கிட்டத்தானே இருக்கு."

"நான் இல்லைங்க முதலாளி" என்றான் அரியமுத்து. அம்மாவின் பக்கம் திரும்பிவிடாமல் இருக்க அவன் தரையைப் பார்த்தான். அது இன்னும் கெடுதலாகத் தெரிந்தது.

"தலை குனியறான் பாரு!"

"எம் மகனைச் சொல்லாதீங்க" என்றாள் ரெங்கம்மாள்.

"ரெங்கம்மா!" என்றார் கருப்பண்ணன்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்துக்குள் பேசிப் பழக்கமில்லாதவள், ஆனாலும் தெளிவாகவே பேசினாள். பொட்டு வைக்கப் போனது, ஈயத்தைக் கண்டது, செய்வினை என்று நினைத்தது, வெட்டியது, ஆற்றில் விட்டது, ஒன்றையும் விடவில்லை. தேங்காய்த் தட்டோடு நின்ற இரண்டொருவர் அருகில் வந்து கேட்டார்கள்.

முதலில் தங்கராசுதான் சிரித்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "முதலாளி வச்ச சூனியத்தை அக்கா எடுத்துட்டாங்க!" தேங்காய்த் தட்டுக்காரர்களும் சிரித்தார்கள். இந்த வார்த்தை சாயந்திரத்துக்குள் இரண்டு பஸ் ஸ்டாண்டுக்கும் போய்விடும்.

கருப்பண்ணன் ஓரடி முன்னால் வந்தார். தங்கராசு சிரிப்பை நிறுத்தினான்.

"சிரிடா, ஏன் நிறுத்திட்டே? அவ தெரியாம செஞ்சா. எனக்காகச் செஞ்சா. தெரிஞ்சு கம்முனு இருந்தவன் நான். சிரிக்கிறதுன்னா என்னைப் பார்த்துச் சிரி."

தட்டில் கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதலாளி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஓர் அலுப்பு வந்திருந்தது.

"அந்த அம்மா செஞ்சது போகட்டும். கேசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா கருப்பண்ணா, உன்னை மறுபடி அந்தச் சீட்டுல உக்கார வைக்க முடியாது. வச்சா நாளைக்கு வேற எந்த டிரைவரையும் ஏன் மிதிச்சேன்னு நான் கேட்க முடியாது."

"கேட்க முடியாதுங்க. சரிதான்."

அவர் அப்படிச் சொன்னதும் முதலாளிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. ஆளைப் பார்க்காமல் அரியமுத்துவிடம் பேசினார்.

"பெரிய லைசென்சு உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்குங்க."

"வண்டியை நீ எடு. பெட்டியை வச்சவன் நீ. உனக்குத்தான் அதுமேல நம்பிக்கை. வெளியாளை அந்தச் சீட்டுல உக்கார வைக்க எனக்கும் மனசில்ல. அந்தப் புதுப் பையன் கியரைத் தேச்சே வண்டியைத் தீர்த்துடுவான். என்ன சொல்றே?"

அரியமுத்து பின்கழுத்தைத் தடவிக்கொண்டான். கொளஞ்சியின் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அவள் அரியமுத்துவிடம் ஒன்று கேட்டிருந்தாள். ஷெட்டோடு இரு, எந்த நாளும் பஸ் ஸ்டியரிங்கைத் தொடாதே என்றாள். அவன் அவள் தலையில் கை வைத்துச் சரி என்றான். அது அவனுக்கும் அவளுக்கும், பக்கத்தில் நின்ற அப்பனுக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

அவன் அப்பாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அவர் சொல்வார் என்று காத்திருந்தான்.

கருப்பண்ணன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டிரைவர் சீட்டு, தகப்பனாரின் வீட்டிலிருந்து புறப்பட்டு இவ்வளவு தூரம் வந்து பிடித்த ஓர் இடம். அது கைவிட்டுப் போனால் போனதுதான். மருமகளின் முகமும் நினைவுக்கு வராமலில்லை. வந்தது. வந்தும் அவர் சொன்னது வேறு.

"முதலாளி கேட்கிறாருல்ல? பதில் சொல்லு."

"எடுக்கறேங்க" என்றான் அரியமுத்து.

ரெங்கம்மாள் "ஐயோ" என்று சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பட்ட வேதனைக்கெல்லாம் இது மேலாக இருந்தது.

*

திரும்பும்போது மூவரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். ஒரு தடவை மட்டும் ரெங்கம்மாள் பெண்கள் சீட்டிலிருந்து எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அந்தப் புள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"வண்டி நம்ம வூட்டை விட்டுப் போகலைன்னு சொல்லுவேன்."

"அவ அதையா கேட்டா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பச்சை பஸ் மறுபடியும் முந்திப் போயிற்று. கருப்பண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை. உடம்பு முழுதும் வலித்தது. பொழுதெல்லாம் வண்டி ஓட்டி வந்த வலி இல்லை. வண்டி ஓட்டாமல் உட்கார்ந்து வந்த வலி அவருக்குப் புதிது.

பெரம்பலூர் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செய்தி இவர்களுக்கு முன்னால் வந்துவிட்டதோ என்னவோ. கருப்பண்ணன் நிமிர்ந்தே நடந்தார்.

கொளஞ்சி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் சிரித்ததற்கு நாள் முழுதும் வருத்தப்பட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ன மாமா ஆச்சு? வண்டி கெடைச்சுதா?"

கருப்பண்ணன் கழுத்துப் பித்தானைக் கழற்றினார்.

"நம்ம வூட்டுக்குக் கெடைச்சுதும்மா."

"அப்பாடா! நாளையிலேருந்து நீங்க போறீங்களா?"

அவர் வாசற்படியில் கால் வைத்தவர் நின்றார். இந்த ஒரு கேள்விக்குத் தாமே பதில் சொல்வதுதான் முறை என்பது அவருக்குத் தெரியும். கற்பூரத்துக்கு முன்னால் வந்த தைரியம் மருமகளுக்கு முன்னால் வரவில்லை.

"உம் புருசனைக் கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொளஞ்சி திரும்பினாள். அரியமுத்து தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். அவளுடைய சிரிப்பு மெதுவாக மறைவதைப் பார்த்தபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.